கரிமூஞ்சிப் பேய்க்கு அளவெடுத்தவள்

பேய்க்கு இடுப்பளவு எடுத்திருக்கிறீர்களா? இந்தத் தையல்காரி எடுத்திருக்கிறாள். துறைமுகத்தில் கட்டிப்போட்ட பழைய பயணிகள் நீராவிக் கப்பல் ஒன்று ஓட்டலாக மாறிக்கொண்டிருந்தது. வருகிறவர்களை மிரட்ட ஒரு பேய் வேண்டுமாம். உடுப்பு தைக்கும் வேலை அவளுக்கு. பேயாக வந்தவன் ஒரு நாடக நடிகன். கொத்தவரங்காய் உடம்பு.

"வசனத்தக் கேளுங்கக்கா," என்று கையைத் தூக்கியபடியே முழங்கினான். "நான்தான் கரிமூஞ்சி! குடிச்சுட்டுத் தூங்கினேன், கொதிகலன் வெடிச்சு வெந்து செத்தேன்!"

அளவு நாடா அவள் கையிலிருந்து நழுவியது. கரிமூஞ்சி என்பது அவள் அப்பாவின் பட்டப்பெயர். கப்பலில் கரி அள்ளிப் போட்டவர், சொட்டுக்கூடக் குடிக்காதவர். அங்கே கொதிகலன் வெடித்தபோது பிழைத்து, கல்யாணம் கட்டி, பேத்தியையும் பார்த்துவிட்டு, வீட்டுக் கட்டிலில் குறட்டை விட்டபடியே போய்ச் சேர்ந்தவர்.

ஓட்டல் மேலாளரிடம் பாய்ந்தாள். "எங்கப்பா பூசணிக்கா மாதிரி இருப்பாரு. அவரைப் போயி குடிகாரப் பேயாக்கி..."

"உங்கப்பா வேலை பார்த்த கப்பல் பேரென்னம்மா?"

சொன்னாள். அவர் சிரித்தார். "இதுக்குப் பேரே வேற. அது வேற கரிமூஞ்சி, இது வேற கரிமூஞ்சி. போய்த் தைங்க."

அப்பாவின் கப்பல் பெயரைச் சொன்னால் ஊரே காறித் துப்பும். ஓட்டைக் கொதிகலனை மாற்றாமல், ஒட்டுப் போட்டே ஓட்டிய முதலாளியால் உயிர்கள் போன கப்பல் அது. பிறகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கத்தானே பெயரை மாற்றுவது! பேயே கிடையாது, இல்லாத பேயின் தலையிலும் பழியைக் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

இதுதான் அந்தக் கப்பலா என்று தையல்காரி நூலகத்தில் தேடினாள். பழைய மாலுமிகளைத் துளைத்தெடுத்தாள். கப்பல் மணியில் பெயர் வெட்டியிருக்கும் என்றார்கள். ஓடினாள். மணியைத் தலைகீழாக வைத்து, ஐஸ் வாளியாக்கியிருந்தார்கள்! தேய்த்த தேய்ப்பில் ஓர் எழுத்து மிச்சமில்லை.

"நீ கப்பலைத் தேடுறே, நான் சோத்தைத் தேடவா?" என்றார் அவள் கணவர்.

கடைசியில் வழிவிட்டது மேலாளரேதான். திறப்பு விழாவுக்கு முன்பக்கத்தில் கப்பலின் புதுப் பெயர் போட்ட துணி தொங்க வேண்டுமாம். "ஏணி தர்றேன், நீங்களே அளவெடுத்துக்குங்க."

ஏறினாள். பெயிண்டுக்கு அடியில் விரலுக்கு மேடு தட்டியது. பழைய இரும்பெழுத்தைச் செதுக்கி எறியச் சோம்பல்பட்டு, மேலேயே பூசிவிட்டிருந்தார்கள். பழைய சட்டையின் தையல்கோட்டைப் படியெடுப்பதுபோல், தாளை விரித்துத் தையல் சாக்கட்டியால் தேய்த்தாள். அப்பா சொன்ன பெயர் ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்தது.

விழாவில் துணி விரிந்தது. அந்த எழுத்துகளையே இம்மி பிசகாமல் வெட்டித் தைத்திருந்தாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

"கழட்டுங்கய்யா!" என்று கத்தினார் மேலாளர்.

"தாராளமா கழட்டுங்க. அடியில இரும்புலயும் அதேதான் இருக்கு, தடவிப் பாருங்க!"

பேய் அவள் காதருகே வந்து முனகியது. "அக்கா, அப்ப நான் யாரோட பேய்?"

"கொதிகலனை மாத்தாத அந்த முதலாளியோட பேய். வயித்துல தலகாணியக் கட்டிக்க. உடுப்பைப் பிரிச்சுத் தைக்கிறேன்."

ஊரே பார்த்துவிட்ட பிறகு மேலாளர் எதை மறைப்பது? இப்போது அங்கே உலாவுவது முதலாளிப் பேய்தான். போனால் அலறாதீர்கள். வழியை மறித்து, "கொதிகலனை ஏன்யா மாத்தல?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.