என்க அக்காவின் கடைசித் தாள்

வகுப்பில் அவளுக்கு ‘என்க அக்கா’ என்று பெயர். பள்ளியில் தமிழில் கணக்குப் படித்தவள். பலகையில் எதை ஆரம்பித்தாலும், ‘x என்று வைத்துக்கொள்வோம்’ என்பதற்குப் பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி “x என்க” என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். சுற்றிலும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், நடுவில் முப்பத்தாறு வயதுக்காரி. “அக்கா, சார் இன்னைக்கு லீவு என்க!” என்று ஓட்டுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

காலை ஏழிலிருந்து மூன்று வரை மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் பதிகிற ஜன்னலில் வேலை. அப்புறம் மாலைக் கல்லூரி. மூன்று வருடப் பயன்பாட்டுக் கணிதப் பட்டம் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. மற்றதையெல்லாம் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டாள். மிச்சம் ஒரே தாள்: செயல்திட்டமும் அதற்கான வாய்மொழித் தேர்வும். அதில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. ஆறு வருடம் முடிந்தால் பதிவு ரத்து. இந்த முறையும் போனால் படித்ததெல்லாம் போச்சு.

“டாக்டருக்குப் படிக்கப் போனவன்கூட இந்நேரம் ஊசி போட ஆரம்பிச்சிருப்பான்” என்பார் கணவர், அவளுக்குத் தட்டு வைத்துக்கொண்டே.

தன் ஜன்னல் முன் நிற்கும் வரிசையையே செயல்திட்டமாக எடுத்திருந்தாள். மணிக்கு முப்பது பேர் வருகிறார்கள்; ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஒருவர் வருவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் சம்பந்தமில்லை என்க. சூத்திரத்தில் போட்டால் சராசரிக் காத்திருப்பு நாலரை நிமிடம். ஆனால் இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்ததில் முப்பத்தொன்று வந்தது.

“அதை எதுக்கு எழுதுறீங்க? சூத்திரம் சரியா இருக்கு. வம்பை விலைக்கு வாங்காதீங்க” என்றார் வழிகாட்டி ஆசிரியர். அவள் அந்தப் பக்கத்தை உருவி எடுத்துவிட்டாள்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க? நிஜமாவே நாலரை நிமிஷமா?”

வழிகாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும், முடிந்துவிடும். ஆனால் காலையில்கூட அந்த வரிசையிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். பொய் சொன்னால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை.

“இல்ல மேடம். முப்பத்தொண்ணு.”

“அப்ப இது?”

“தனித்தனியா வர்றாங்க என்க-ன்னு எழுதிட்டேன் மேடம். யாரும் தனியா வர்றதில்ல. எண்பது நிமிஷத்துக்கு ஒரு பஸ். நாப்பது பேர் ஒண்ணா இறங்கி ஓடி வருவாங்க.”

“அப்படின்னா போட்டுக் காட்டுங்க.”

சாக்பீஸை எடுத்தாள். முதல் ஆளுக்குக் காத்திருப்பே இல்லை. நாற்பதாவது ஆளுக்கு முன்னால் முப்பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், ஐம்பத்தெட்டரை. அதில் பாதி சராசரி. இருபத்தொன்பதேகால்.

“மீதி ஒண்ணே முக்கால் நிமிஷம்?”

“அது நான் கொட்டாவி விடுற நேரம் மேடம்.”

தேர்வாளர் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. “இதைத்தானே எழுதியிருக்கணும்?” என்று வழிகாட்டியைத்தான் பார்த்துக் கேட்டார்.

அரை மணி கழித்து வழிகாட்டி வெளியே வந்தார். “தேறிட்டீங்க. எழுதினதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க, பலகையில போட்டதுக்குக் கொடுத்தாங்க. எனக்குத்தான் நல்லா மண்டகப்படி.”

தாவிக் குதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. படிக்கட்டில் உட்கார்ந்து கணவருக்கு போன் போட்டாள்.

“பாஸுங்க.”

“அப்பாடா!” என்றார் கணவர். பிறகு, “அடுத்து என்ன பண்ணப் போற?” என்று மெல்லக் கேட்டார், பயந்தவர்போல.

“தூங்கப் போறேன்” என்றாள்.