அடுத்த வீட்டு வாசற்கதவு

புங்குடுதீவில் அரியநாயகத்தாரை 'திறப்பு அண்ணை' என்றால்தான் தெரியும். வெளிநாட்டுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன ஏழு வீடுகளின் திறப்புகள் ஒரே சாவிக்கொத்தாக அவருடைய இடுப்பில் கிடந்தன. வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீடாகத் திறந்து, கூட்டி, விளக்கு வைத்துவிட்டு வருவார். கேளாமல் ஒரு மாங்காய் பறிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு முழு வாசலையே கழற்றிக்கொண்டு போனார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் போனார். மூன்று வருடத்துக்கு முன் மகள் நிலக்சனா பக்கத்து ஊரான சரவணையில் வீடு கட்டியபோது, நிலை வைக்க நல்ல மரம் அகப்படவில்லை. அந்த ஏழில் ஒன்றான அடுத்த வீட்டிலோ, கனடாவுக்குப் போய்விட்ட நாகபூசணியின் தகப்பன் தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் பர்மாத் தேக்கில் செய்வித்த வாசல். இரட்டைக் கதவு, மேலே தாமரை வேலைப்பாடு. முப்பது வருடமாக ஆள் புழங்காத வீடு. 'கறையான் தின்னத்தானே போகுது, கனடாக்காரர் எங்க வரப்போகினம்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, நிலையோடு பெயர்த்து, நல்ல நாள் பார்த்து, ஐயரைக் கூப்பிட்டு மகள் வீட்டில் வைத்தார். மகளிடம் சொன்னது, யாழ்ப்பாணத்தில் வாங்கினேன் என்று.

பழைய வாசலில் தகரம் அடித்தார். நாகபூசணி வீட்டுப் படம் கேட்கும்போதெல்லாம் கிணற்றையும் முருங்கையையும் எடுத்து அனுப்புவார். ஒரு கிணற்றை இத்தனை தரம் படம் எடுத்த ஆள் இந்த உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும்!

போன மாசியில் நாகபூசணியின் மகனுக்குப் பாங்கொக்கில் கலியாணம். கனடாச் சொந்தம், லண்டன் சொந்தம், ஊர்ச் சொந்தம் எல்லாம் கூடுவதற்கு இப்போது அதுதானே வசதி. "எங்கட வீட்டை இவ்வளவு காலமும் பார்த்த நீங்கள் இல்லாமல் என்ன கலியாணம், அண்ணை?" என்று ரிக்கற்றும் அனுப்பிவிட்டாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றுதான் அரியநாயகத்தார் விமானம் ஏறினார்.

கலியாணத்துக்கு மறுநாள் நாகபூசணி அவரை, ஆட்கள் பார்க்கவென்று திறந்து வைத்திருக்கும் ஒரு பழைய வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். வாய்க்கால் ஓரமாக ஒடுங்கிய ஒழுங்கை. அக்கரையில் பட்டு நெய்கிற வீடுகளிலிருந்து தறிச் சத்தம். ஒருத்தி வாழைப்பழத்தை நெருப்பில் வாட்டி விற்றுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் எங்கும் தேக்கு. வீட்டைக் காட்டிய பெண் ஆங்கிலத்தில் சொன்னதை நாகபூசணி தமிழில் சொன்னாள்.

"ஊரூராப் போய்ப் பழைய வீடுகளைக் கழட்டிக் கொண்டுவந்து இஞ்ச பொருத்தினதாம், அண்ணை."

"சொந்தக்காரருக்குத் தெரிஞ்சோ?" அரியநாயகத்தாரின் வாய் முந்திவிட்டது.

"பின்ன? கேளாமல் ஆரும் வீட்டைக் கழட்டுவினமே?" அவள் சிரித்தாள்.

வாசற்படி முழங்காலளவு உயரம். மிதிக்காமல் தாண்டி வரச் சொன்னார்கள். காலைத் தூக்க ஏலாமல் நின்றார். நாகபூசணி அந்த நிலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"சித்திரையில ஊருக்கு வாறன் அண்ணை. மருமகளை அப்பாவின்ர வாசலால ஒருக்கா உள்ள கூட்டிக்கொண்டு போகவேணும். பிறகு வீடு விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை."

இனியும் கிணற்றைக் காட்ட முடியாது. "தங்கச்சி, அந்த வாசல் அங்க இல்லை" என்றார். "நான்தான் கழட்டினனான். சரவணையில மகளின்ர வீட்டில நிக்குது. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஏசினால் நல்லது, ஒரு அறை விட்டாலும் நல்லது என்றிருந்தது. நாகபூசணி ஏசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தால் தந்திருப்பன், அண்ணை" என்றாள். "இனி அதைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு நீங்களே சொல்லவேணும். இப்பவே."

ஒழுங்கையில் நின்று மகளுக்குப் போன் எடுத்தார். கலியாணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று அவள் கேட்டதொன்றுக்கும் மறுமொழி சொல்லாமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"வேலைக்கு வெளிக்கிட்டு அந்த வாசலுக்கு முன்னால நிக்கிறன், அப்பா" என்றாள் நிலக்சனா. "இனி நான் எதால வெளியில போறது?"