நூற்றிருபது மணி நேரம்

மாநில எல்லையில் இருக்கும் எங்கள் ஆல்பரி ஊரில் பதினேழு வயதில் தனியாகக் கார் ஓட்ட உரிமம் தருவார்கள். பாலத்தைத் தாண்டினால் விக்டோரியா மாநிலம். அங்கே பதினெட்டு ஆக வேண்டும். அதற்காகவே, அந்தப் பக்கம் அப்பாவோடு இருந்த டாலியா, பதினாறு வயதானதும் பெட்டியோடு அம்மா கிளெண்டாவிடம் வந்து சேர்ந்தாள்.

கிளெண்டாவும் நானும் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவர்கள். தினமும் வேலை முடிந்ததும், மகள் கார் ஓட்டிப் பழக, இவள் பக்கத்தில் உட்காருவாள். நூற்றிருபது மணி நேரம் ஓட்டியதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வுக்கே போக முடியும்.

"அம்மா, தூங்காதே! போலீஸ் பாத்தா தொலைஞ்சோம்."

"தூங்கலடி. நீ ரோட்டைப் பாரு."

ஓராண்டு இப்படியே ஓடியது. உரிமம் வாங்கிய மறுநாளே டாலியா அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். உரிமத்தில் விலாசம் மட்டும் இங்கே.

கிளெண்டாவிடம் பொரிந்து தள்ளினேன். "உன்னை நல்லா ஏமாத்திட்டா பாரு!"

"வந்த அன்னைக்கே தெரியும்டி."

"தெரிஞ்சுமா மாடு மாதிரி அலைஞ்சே?"

கிளெண்டா கொட்டாவி விட்டபடி ஈரப் போர்வையை உதறினாள். "ஊர்ல எல்லாரும் அரை மணி ஓட்டிட்டு ஒரு மணின்னு எழுதுவாங்க. டாலியா பதிவேட்டைத் திறந்தே பாக்கல. நான் ஒரு மணியை அரை மணின்னு எழுதினேன்."