முனியப்பனைக் கடித்தது என்ன?

போன மாதம் பக்கத்துத் தோட்டத்து முனியப்பனைப் பாம்பு கடித்தது. விடியற்காலையில் மாரண்டஹள்ளி சந்தைக்குத் தக்காளி கிரேட் பெட்டிகளைத் தூக்கும்போது, விரலில். பெரிய வலி இல்லை, வீக்கமும் இல்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான்தான் — கண்ணாடி போடாமல்.

கிரேட்டுகளுக்கு அடியில் ஏதோ நுழைந்து மறைந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு.

"விஷமில்லாததுங்க. இது எங்க வூட்லயும் வரும். நான் பார்த்தேன்" என்றேன்.

முனியப்பன் மனைவி செல்வி ஊர் வழக்கப்படி வேப்பிலையைக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். கசந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம். கசந்தது! வேறென்ன வேண்டும்?

நான் ஓய்வு பெற்ற தத்துவ வாத்தியார். காட்சி, கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று வழி சொல்லிக் கொடுத்தவன். அன்று மூன்றும் கைவசம் இருந்தன. நான் கண்டேன். கசப்பை வைத்து முடிவு கட்டினோம். சார் சொல்லிவிட்டாரே என்று அவர்கள் நம்பினார்கள்.

எட்டு மணிக்கு முனியப்பனின் இமைகள் தானாக இறங்கின. பேச்சு குழறியது. அப்புறம்தான் வண்டி பிடித்தோம்... தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை. கடித்தது கட்டுவிரியனாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

எண்ணம் நல்லதென்றால் குற்றமில்லை என்று தத்துவத்தில் ஒரு கட்சி. விளைவுதான் பேசும் என்று எதிர்க்கட்சி. இரண்டுக்கும் வக்காலத்து வாங்கி வகுப்பில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது முதல் கட்சியில் போய் ஒண்டிக்கொள்ளத்தான் மனம் அலைகிறது. வெட்கமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்வி தனியாக வந்தார். வேப்பிலை கொடுத்து உட்காரவைத்தே மகனைக் கொன்றுவிட்டாள் என்று மாமியார் ஏசுகிறாராம்.

"நீங்கதான பார்த்தீங்க சார்... அது விஷப்பாம்பு இல்லைதானுங்களே? எம்மேல தப்பில்லைன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆமாம் என்றால் இரண்டு பேருக்குமே நிம்மதி. வாய் வரைக்கும் வந்தது. ஆனால், தப்பு உங்கள் மேல் இல்லை, என் மேல்தான் என்றேன். கண்ணாடி போடவில்லை, பார்த்தது வாலை மட்டும், மீதியை நானே இட்டு நிரப்பினேன், மாமியாரிடமும் வந்து சொல்கிறேன் என்றேன்.

செல்வி அழவில்லை. கோபிக்கவும் இல்லை.

"அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போமுங்க."

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இப்போதைக்கு இது ஒன்றுதான்.