காலி இருக்கையில் வந்தவர்

இதைக் கதை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். என் தோழி மெரேயானா தன் வாயாலேயே என்னிடம் சொன்னது.

அவள் ஆற்றங்கரை ஊரிலிருந்த ஹினேவாய் சித்தியைப் பார்க்கத் தனியாகக் காரில் போனாள். சித்தி நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி. சித்தப்பா ஃபெர்கஸ், ஸ்காட்லாந்து வம்சம். பதினொரு மாதத்துக்கு முன் விலாங்கு பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது. ஊரே ஒப்பாரி வைக்க வந்தும், "உடம்பைக் காட்டுங்க, அழறேன்" என்று சித்தி கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். நல்ல குளிர். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. மாலை 4.52. பாப்லர் மரங்கள் நின்ற சாலை வளைவு.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கைக்காரர் பெல்ட் போடவில்லை என்று கார் எச்சரித்தது. அங்கே ஒரு பைகூட இல்லை.

நிறுத்தினாள். இருக்கையைத் தொட்டாள். ஈரம். சேற்று வாடை.

சத்தம் ஓயவில்லை. காலி இருக்கைக்கே பெல்ட்டை மாட்டினாள். நின்றது.

பெல்ட் மெல்ல உப்பியது... தணிந்தது... மூச்சு விடுவதுபோல.

"சித்தப்பா? வீட்டுக்குத்தானே?"

அழுதுகொண்டே ஓட்டினாள்.

5.10. சித்தி வாசலுக்கு ஓடிவந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"வாய்யா மகராசா! இப்பத்தான் வீட்டு நினைப்பு வந்துச்சா?"

"சித்தி... யாரைச் சொல்றீங்க?"

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடி? போய் அடுப்பை ஏத்து. மனுஷன் நடுங்குறாரு."

அன்று மேசையில் மூன்று தட்டு. காலி நாற்காலி கிறீச்சிட்டது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். எப்படியோ சித்தப்பா வீடு சேர்ந்துவிட்டார் என்று மெரேயானா மனதைத் தேற்றிக்கொண்டாள். காலையில் கிளம்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள். காலை 11.20. போலீஸ்காரர் போன் செய்தார்.

"உங்க சித்தப்பா கிடைச்சுட்டாருங்க."

"ஆத்துலயா?"

"ஆஸ்திரேலியாவுல. உயிரோட இருக்கார். படகைக் கவுத்துட்டு அவராத்தான் ஓடியிருக்கார்."



அப்படியானால்... அன்று காரில்...?

11.23. சித்தி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"சித்தி! வெளியே வாங்க! உடனே!"

பேசியது ஓர் ஆண் குரல். அவள் கேட்டேயிராத குரல்.

"அவ ஆத்துக்குப் போயிட்டா."

மெரேயானா போனில் சொன்னதும் ஊரார் ஓடினார்கள். வீடு திறந்து கிடந்தது. ஆளில்லை.

வாசலிலிருந்து ஆறு வரை சேற்றில் இரண்டு பேரின் காலடிகள் போயிருந்தன.

திரும்பி வந்தது ஒருவருடையது மட்டும்.

அது சித்தியின் காலடி இல்லை.