ஏழு வினாடி மௌனம்

சகாயமேரி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பூந்தமல்லியில் பிறந்தவர், அங்கேயே மணமுடித்து, கணவர் இறந்த பின்னும் அதே தெருவில் வசிப்பவர். கல்லூரிக்குப் போனதில்லை. தட்டச்சில் இரண்டு தேர்வுகளை முடித்துவிட்டு, அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் காதால் கேட்டு எழுத்தாக்கும் வேலையில் சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் அதைச் செய்தார். அங்கே ஒரே விதிதான்: கேட்டதை எழுது, கேட்காத சொல்லை ஊகிக்காதே, இடம் விட்டு நேரத்தைக் குறி. தவறாக ஊகித்த ஒரு சொல் யாரோ ஒருவரின் உடம்புக்குள் மருந்தாகப் போய்விடும்.

அந்த விதி அவருடைய சுபாவமாகவே ஆகிவிட்டது. மகள் ரெனிதா யாருடைய பேச்சையாவது வீட்டில் வந்து திரித்துச் சொன்னால், “அவ சொன்னத சொல்லு, நீ நெனச்சத சொல்லாத” என்பார்.

மருத்துவர்களின் குரலை மென்பொருளே எழுதத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பழைய பட்டறையின் மாடியில் இயங்கிய எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அமெரிக்க அரசியல்வாதிகளின் பேச்சுகளை எழுத்தாக்கித் தருவது எங்கள் தொழில். அவர் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பணி. மூன்று ஆண்டுகளில் அவரிடம் நான் கண்ட பிழைகள் பதினொன்று. பட்டியல் என்னிடம் உள்ளது.

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றுக்குச் சிவப்பு நிறம், மற்றதற்கு நீலம். இரண்டுக்கும் பிரச்சாரம் செய்துதரும் இரு நிறுவனங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒருவரையொருவர் தேசத் துரோகி என்று ஏசிக்கொள்ளும் அவர்களுடைய பேச்சுகள் ஒரே மின்விசிறியின் கீழ் எழுதப்பட்டன.

முதல் ஆண்டிலேயே அக்கா ஒன்றைக் கவனித்தார். ஒரு தலைவர், “நீதிபதியைக் குறை சொல்பவன் நாட்டையே அவமதிக்கிறான்” என்று முழங்கியிருந்தார். அடுத்த தீர்ப்பு அவர் கட்சிக்கு எதிராக வந்தது. “நீதிபதி விலைபோய்விட்டார்” என்றார். அதே வாரம், அதுவரை நீதிபதியை ஏசிவந்த எதிர்க்கட்சித் தலைவர் நீதியின் மாண்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

“இவரு பேச்ச அவருக்கும் அவரு பேச்ச இவருக்கும் மாத்திக் குடுத்துட்டாங்களா இன்னா?” என்றார் அக்கா. “தீர்ப்புல இன்னா கீதுன்னு ஒருத்தனும் பாக்கல. யாருக்கு வந்துச்சின்னு பாக்கறானுங்க.”

பக்கத்து இருக்கை விஷால் சிரித்தான். “நம்ம ஊர்ல மட்டும் இன்னா வாழுதாம்? வுடுக்கா, அடிச்சி அனுப்பிட்டு டீக்கு வா.”

சென்ற செப்டம்பரில் பத்தொன்பது நாள் இடைவெளியில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது சிவப்புத் தரப்பினுடையது: தங்கள் வேட்பாளர் பேச்சை நிறுத்தினால் ‘உணர்ச்சிவசப்படுகிறார்’ என்றும், எதிரணி வேட்பாளர் நிறுத்தினால் ‘பதிலின்றித் திணறுகிறார்’ என்றும் குறிக்க வேண்டும். இரண்டாவது நீலத் தரப்பினுடையது. அதே உத்தரவு, தலைகீழாக. இரண்டின் நகல்களும் என்னிடம் உள்ளன. பெயர்களை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவர்களுக்கே தெரியாது.

அக்டோபரில் ஒரு மாநிலத்தின் ஆளுநர் பதவிக்கான விவாதம் வந்தது. அங்கே ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சிவப்பு வேட்பாளர், போதைக்கு அடிமையாகி இறந்த தன் தம்பியைப் பற்றிப் பேசும்போது ஏழு வினாடி நின்றார். நீல வேட்பாளரான பெண்மணி, வெள்ளத்தில் தன் ஊர் போனதைச் சொல்லும்போது எட்டு வினாடி நின்றார். இரு தரப்பும் அந்த விவாதத்தின் எழுத்துப் பிரதியைக் கேட்டிருந்தன.

அக்கா காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்தார். “பரந்தாமா, இந்தாளு தம்பி செத்தத சொல்லிகினு வராரு. தொண்ட அடைக்குது. ஒரு காப்பில அழுவுறாருன்னு அடிக்கணும், இன்னொரு காப்பில முழிக்கிறாருன்னு அடிக்கணும். ஒரே வாயிதான்பா அது.”

“அந்தம்மாவுக்கும் அதேதானே அக்கா.”

“அதான் சொல்றேன். நான் அடிக்க மாட்டேன்.”

ஒரே பிரதியைத் தயாரித்தார். முதலாவது இடத்தில் ‘ஏழு வினாடி மௌனம்’. இரண்டாவது இடத்தில் ‘எட்டு வினாடி மௌனம்’. வேறெதுவும் சேர்க்கவில்லை. ஒலியோடு ஒப்பிட்டேன், பிழையில்லை. கையொப்பமிட்டு இரு தரப்புக்கும் அனுப்பினேன்.

மறுநாள் இரு தரப்பிலிருந்தும் புகார் வந்தது. சிவப்பு, நீலத்துக்குச் சாய்ந்த பிரதி என்றது. நீலம், சிவப்புக்குச் சாய்ந்த பிரதி என்றது.

மேலாளர் ஸ்ரீநாத் விசாரணை வைத்தார். அக்காவின் வேலை போவது உறுதியாகிவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது அனுபவச் சான்றிதழ் ஒன்றே. முகப்பேரில் பள்ளிப் பாடங்களை எழுத்தாக்கும் ஓர் அலுவலகம் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் அந்தச் சான்றிதழைக் கேட்டிருந்தது. விசாரணையில் நடப்பதைப் பதிவு செய்து எழுதித்தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

“ஏன் மேடம் இன்ஸ்ட்ரக்ஷன் படி செய்யல?”

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கேட்டதத்தான் சார் அடிச்சேன். கேக்காதத அடின்னா எனக்கு வராது” என்றார்.

“ரெண்டு கிளையண்டும் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க. அப்ப டபுள் தப்புதானே?”

“ரெண்டு பேரும் எதிரெதிரா சொல்றாங்களே சார். சரி, இதுல எந்த வரி தப்பு? அத சொல்லுங்க.”

ஸ்ரீநாத் பிரதியைப் புரட்டினார். குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. “வரி தப்புன்னு யார் சொன்னா? அப்ரோச் தப்பு.”

அன்று மாலையே ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு ‘ஐந்து வினாடி மௌனம்’. ஸ்ரீநாத்துக்கு ‘பதினான்கு வினாடி மௌனம்’.

மறுநாள் காலை, அக்காவின் கையெழுத்துக்காக, அச்சிட்ட அறிக்கை ஸ்ரீநாத்தின் மேசைக்கு வந்தது. சகாயமேரி ‘பதிலளிக்க இயலாமல் திணறினார்’. மேலாளர் ‘ஆழ்ந்து யோசித்தார்’. அக்காவின் பேச்சில் ஒவ்வொரு கொச்சையும் அப்படியே நின்றது. மேலாளரின் பேச்சு பாடப்புத்தகம்போல் திருத்தப்பட்டிருந்தது. கடைசி வரி: ‘பதிவு செய்தவர்: பரந்தாமன்’. எங்கோ ஒரு நாட்டில் பதவிக்காக இரு கூட்டங்கள் செய்யும் அசிங்கத்தை, ஒரு தட்டச்சுக்காரரைத் துரத்துவதற்காக இங்கே செய்திருந்தார்கள். அதுவும் என் பெயரில்.

அக்கா முழுவதும் படித்தார். “இத யாருபா எழுதனது?”

“நான் இல்லக்கா.”

“உன் பேரு கீதே.”

அவர் பேனாவை எடுத்து, அந்த இரண்டு இடங்களின் ஓரத்திலும் வினாடிகளை எழுதினார். நான் சொல்லித் தரவில்லை. பதினெட்டு ஆண்டுக் காது அது. எண்கள் சரியாக இருந்தன. அதன் கீழே கையெழுத்திட்டார்.

ஸ்ரீநாத் தாளைத் திருப்பித் தள்ளினார். “திருத்தின காப்பிய நாங்க ஏத்துக்க முடியாது மேடம். வேற காப்பி தரேன், சும்மா ஒரு சைன் போடுங்க. லெட்டர் ரெடியா இருக்கு, பாருங்க.” சான்றிதழ் அவர் கைக்கடியில் உறைக்குள் இருந்தது.

அக்கா உறையைப் பார்த்தார். எழுந்தார்.

“அமெரிக்காகாரன் தேவல சார். அவன் நாற்காலிக்கோசரம் பண்றான். நீங்க எதுக்குப் பண்றீங்க?”

சான்றிதழ் இல்லாமலே படியிறங்கினார். முகப்பேர் அலுவலகம் திங்கள் மாலை வரை காத்திருந்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. இப்போது பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நகலகத்தில் மனுக்கள் தட்டச்சு செய்கிறார். மாமியார்மீது புகார் சொல்லும் மருமகளானாலும், மருமகள்மீது புகார் சொல்லும் மாமியாரானாலும், சொன்னது மட்டுமே தாளில் ஏறும்.

அந்த அறிக்கை என்னுடையதல்ல என்று நான் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் ‘சரிபார்ப்பில் கவனக்குறைவு’ என்று என்னையும் நீக்கினார்கள். இரு வாடிக்கையாளர்களும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அறிக்கையிலிருந்து என் பெயரை நீக்கக் கோரி மூன்று பதிவுத் தபால்கள் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டைகள் மூன்றும் வந்து சேர்ந்தன. பதில் வரவில்லை.

நான்காவது கடிதத்தை அக்காதான் தட்டச்சு செய்தார். ‘குற்றவுணர்ச்சியால் பதிலளிக்க அஞ்சுகிறீர்கள்’ என்று சொன்னேன். அவருடைய விரல்கள் நின்றன.

“அவன் அஞ்சுறது உனக்கு எப்டி தெரியும்? எத்தினி நாளுன்னு மட்டும் சொல்லு.”

நாட்காட்டியைப் பார்த்து, முதல் தபால் அனுப்பிய நாளிலிருந்து எண்ணிச் சொன்னேன். அவர் அடித்தார்: ‘நூற்று நாற்பத்தாறு நாள் மௌனம்.’