ஒரு தடவைதான் கேட்டார்கள்

முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சம்பாதித்த மனிதர் கண்டக்டர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும், நாடு விட்டு நாடு வந்தும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பெற்ற மகனே போனில் அம்மாவிடம் "கண்டக்டர் சார் என்ன பண்றார்?" என்றுதான் கேட்பான். அந்த மகன்தான் இருவரையும் இங்கே வரவழைத்தவன். வரவழைத்த மூன்றாம் வாரமே அவனுடைய கம்பெனி அவனை ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் இருந்த இன்னொரு நகரத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே ஒரு வீடு அமைந்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, சாவிக்கொத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் எழுபத்திரண்டு. எதையும் எண்ணாமல் விட்டால் கண்டக்டருக்குத் தூக்கம் வராது. அவருக்கு அந்த எழுபத்திரண்டும் தூசு. வீட்டம்மாவுக்கு அப்படியில்லை, வலது முழங்கால் மடங்க மறுத்து இரண்டு வருடம் ஆகிறது. வந்திறங்கிய அன்று மகன் ஒரு கையும் இவர் ஒரு கையுமாகப் பிடித்து, முக்கால் மணி நேரத்தில் மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதோடு சரி. நாலு மாதமாக அந்த அம்மாள் தெருவை மிதிக்கவில்லை. மகன் வாங்கிக் கொடுத்த புது ஷூ, உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்காமல் பெட்டியிலேயே கிடந்தது.

புதிதாகக் குடியேறி வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஒரு உதவி அலுவலகம் இருந்தது. கீழ்த்தளத்தில் வீடு, முழங்காலுக்கு டாக்டர், இந்த ஊர்ப் பேச்சு பழக வகுப்பு, எல்லாம் அவர்கள் கையில். அங்கிருந்து ஒரு பெண் கையில் ஃபைலோடு வீடு தேடி வந்தாள். மேஜையில் போனை வைத்தாள். அதற்குள்ளிருந்து இன்னொரு பெண்ணின் குரல் தமிழில் பேசியது. அவள் மொழிபெயர்ப்பவளாம்.

வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றாள் அலுவலகத்துப் பெண். கண்டக்டர் விடுவாரா? சும்மா குடிங்கம்மா என்றார். மறுபடி வேண்டாம் என்றாள். "அட, ஒரு வாய்தானே!" என்று கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் தடவை கொஞ்சம் முழித்துவிட்டுக் குடித்தாள். நல்ல வளர்ப்பு, இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் எடுக்கிறது பிள்ளை என்று கண்டக்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பிறகு அவள் கேட்டாள், குரல் தமிழில் சொன்னது. "வீடு வசதியா இருக்கா? படி ஏறி இறங்கச் சிரமம் இருக்கா? டாக்டர் பாக்கணுமா? வேற ஏதாவது உதவி வேணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. நாங்க நல்லா இருக்கோம்" என்றார் கண்டக்டர், பெரிய மனுஷத் தோரணையில்.

அவர் மனசில் பொய் இல்லை. எடுத்ததும் ஆமாம் என்று கையை நீட்டினால் எதற்கும் அலைகிற கூட்டம் என்று நினைத்துவிட மாட்டார்களா? கேட்கிறவர் இன்னும் இரண்டு தடவை கேட்பார், "இவ்வளவு தூரம் சொல்றீங்க, சரி" என்று வாங்கிக்கொள்வதுதான் முறை. ஆயுசு முழுக்க விருந்திலும், கல்யாண வீட்டிலும், மேலதிகாரி அறையிலும் அவர் அப்படித்தான் எல்லாம் வாங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணோ ஐந்து கட்டத்தில் டிக் போட்டாள், கையெழுத்து வாங்கினாள், ஃபைலை மூடினாள். வாசல்வரை போய் நின்றார் கண்டக்டர், திரும்பிக் கேட்பாள் என்று. திரும்பினாள். கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார்கள். அவன் உடனே போன் போட்டான்.

"அப்பா, உதவி எதுவும் வேண்டாம்னு நீங்க சொன்னதால உங்க ஃபைலை மூடிட்டாங்களாம். என்னப்பா இது? ஒரு மாசத்துக்குள்ள நேர்ல போய்ச் சொன்னா திறப்பாங்க. அதுக்கப்புறம் முதல்ல இருந்து எழுதிப் போடணும், ஒரு வருஷம் ஆகும். அம்மா அதுவரைக்கும் அந்த ஜன்னல்லயே உக்காந்திருப்பாங்களா?"

வீட்டம்மா சமையலறை ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கண்டக்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு தடவ கேப்பான்னு நெனச்சேன்" என்றார்.

"அந்தப் பொண்ணு என்ன, உங்க சம்பந்தியா? தட்டப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்றதுக்கு?"

மறுநாளே அலுவலகம் போனார். டோக்கன் வாங்கினார், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். வழி நெடுக "வேணும், வேணும்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த ஆள் சிரித்த முகமாக என்ன வேண்டும் என்று மொழிபெயர்ப்புப் போன் வழியாகக் கேட்டதும், வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. "ஒண்ணுமில்லங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அந்த ஆள் நன்றி சொல்லி அடுத்த எண்ணைக் கூப்பிட்டான். வீடு திரும்பி நடந்ததைச் சொன்னபோது வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் இறுகிவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பாடம் ஆரம்பமானது. முதல் கரண்டி சாதம் போட்டு, அவர் சாப்பிட்டதும், "இன்னும் வேணுமா?" என்றாள். "போதும் போதும்" என்றார் வழக்கம்போல. சட்டியை மூடி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். கண்டக்டர் தட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் காபி. "காபி?" என்றாள். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். சிரமப்படவில்லை அவள். தன் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"ஏம்மா, இது அநியாயம்."

"இந்த ஊர்ல ஒரு தடவதான் கேப்பாங்க. பழகிக்கோங்க."

நாலு நாள் அரை வயிற்றோடு போனது. ஐந்தாம் நாள் மதியம், "இன்னும்—" என்று அவள் வாயெடுத்ததும் "வேணும்!" என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கரண்டி போட்டாள். நாளைக்கு நீங்க ஆபீஸ் போகலாம் என்றாள்.

போனார். இந்தத் தடவை, வீட்டுக்கு வந்த அதே பெண்ணே இருந்தாள். போனிலும் அதே குரல். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "வேணும்" என்றார். அவள் அரண்டுபோய் நிமிர்ந்தாள். "கீழ் வீடு வேணும். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் டாக்டர் வேணும். அன்னைக்கே வேண்டியிருந்துச்சு. நீங்க ஒரு தடவதான் கேட்டீங்க."

போனில் இருந்த குரல் சிரித்தது. பிறகு அந்த ஊர் மொழியில் நெடுநேரம் எதையோ விளக்கியது. அலுவலகத்துப் பெண்ணின் முகம் மெல்ல மாறியது. ஒரு கட்டத்தில் டீ குடிப்பதுபோல் கையைக் காட்டி ஏதோ கேட்டாள். "அன்னைக்கு அந்த டீ அவங்களுக்கு நிஜமாவே வேண்டாமாம் சார், பாவம்" என்றது குரல். கண்டக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபைல் திறந்தது. டாக்டருக்கு மூன்று வாரத்தில் நாள் கிடைத்தது. கீழ்த்தள வீட்டுக்கு வரிசை இருக்கிறது, ஆறேழு மாதம் ஆகும். கடைசியாக ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.

"உங்க மனைவிக்கு என்ன வேணும்னு அவங்க வாயால சொன்னதை இங்க எழுதணுமாம். என்ன சொன்னாங்க?"

கண்டக்டர் மனசுக்குள் தேடிப் பார்த்தார். கீழ் வீடு என்பது மகன் சொன்னது, டாக்டர் இவராகச் சொன்னது. அவள் என்ன சொன்னாள்? கேட்டிருக்கிறாரா? வந்த முதல் திங்கட்கிழமை, நடக்கக் கிளம்பும்போது "நீயும் கீழ வர்றியா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "வேண்டாங்க, எனக்கென்ன வேலை கீழ" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் போகிறார். திரும்பக் கேட்டதே இல்லை.

"நாளைக்கு வந்து சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

எழுபத்திரண்டு படியும் அன்று கனத்தது. கதவைத் திறந்து நேரே ஜன்னலுக்குப் போனார்.

"உனக்கு என்ன வேணும்?"

"கீழ் வீடு கெடச்சாச் சரிதாங்க. வேற என்ன?"

"அது அவன் சொன்னது. உனக்கு என்ன வேணும்?"

"போங்க. வயசான காலத்துல எனக்கென்ன."

கண்டக்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டிக்கெட் எடுத்தாச்சான்னு ஒரே ஆளை மூணு தடவ கேட்டுட்டுத்தான் விசில் அடிப்பேன். உன்ன ஒரு தடவதான் கேட்டேன். தப்புதான். சொல்லு, என்ன வேணும்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். கீழே பஸ் நிறுத்தம். "பத்தொன்பதாம் நம்பர்" என்றாள். "பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை இருபதுக்கு ஒண்ணு. எங்க போகுதுன்னு தெரியல, வரும்போது ஜன்னல் எல்லாம் ஈரமா வருது. அதுல ஏறி, கடைசி வரைக்கும் போய்ப் பாக்கணும். கண்டக்டர் பொண்டாட்டின்னு பேரு, உங்க பஸ்ஸுல நான் எத்தன தடவ ஏறியிருப்பேன்?"

நாலு தடவை. அவருக்குக் கணக்குத் தெரியும். கண் கலங்கியதை மறைக்க எழுந்துபோய் ஷூ பெட்டியை எடுத்துவந்தார். உள்ளே இருந்த காகிதத்தை உருவிப்போட்டு, தரையில் உட்கார்ந்து அவள் காலில் மாட்டினார்.

"இப்பவேவா? ஏறி வரணுமேங்க."

"ஏறும்போது ஏறிக்கலாம்."

வீட்டிலிருந்த மடக்கு நாற்காலியை அவர் படிக்கட்டில் ஒரு திருப்பம் முன்னால் கொண்டுபோய் விரிப்பார், திரும்ப ஏறி அவளைப் பிடித்து இறக்குவார். படிக்கு ஒரு மூச்சு, மாடிக்கு ஒரு உட்கார்வு. ஐம்பது நிமிடம் ஆனது. கீழே வந்ததும் அவள் தரையை ஷூவால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நம்பர் வந்தது. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். பஸ் ஒரு சந்தையைத் தாண்டி, ஒரு பாலத்தைத் தாண்டி, கடைசியில் பெரிய நீர்நிலை ஒன்றின் கரையோரம் சுற்றி நின்றது. சாரல் கண்ணாடியில் வந்து விழுந்தது. "அதான் ஈரம்" என்றாள் அவள், பெரிய வழக்கு ஒன்று தீர்ந்த நிம்மதியில். டிரைவர் இவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லாமலே திரும்பக் கிளம்பினார்.

வீட்டு நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. கண்டக்டர் மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இறங்கலாமா?"

"வேண்டாம்" என்றாள்.

பழக்க தோஷம், இரண்டாம் தடவை கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. நாற்காலியைத் திரும்பக் காலடியில் சாய்த்துவைத்தார்.

கதவு மூடியது. "ரைட்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.